வீட்டுப் பராமரிப்பைப் பாடமாக்கியவர்: டொக்டர் மேரி இரட்ணம்

1873ஆம் ஆண்டு கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்தில் மேரி ஹெலன் இர்வின் என்ற பெண் குழந்தை பிறந்தது. அக்குழந்தை வளர்ந்து வைத்தியரானது. கடல் கடந்து இலங்கைக்கு வந்து ஒரு தமிழரின் குடும்பத்தில் மருமகளாகியது. நோயாளியை எப்படிப் பராமரிப்பது, பிள்ளையை எப்படி வளர்ப்பது, வீட்டை எப்படிச் சுகாதாரமாக வைத்திருப்பது என்பவற்றை இந்நாட்டுக் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பதிலேயே தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டது. அவர்தான் டொக்டர் மேரி இரட்ணம்.

உயர்தரத்தில் மனைப்பொருளியலை ஒரு பாடமாகக் கற்கும் மாணவி நான். இலங்கையில் வீட்டு நலனுக்காக உழைத்த ஒருவரைப் பற்றி எழுதி வருமாறு எங்கள் ஆசிரியை ஓர் ஒப்படை தந்தார். அதற்காகத் தேடியபோதுதான் இந்த அம்மையாரை அறிந்துகொண்டேன். ஒப்படைக்குப் புள்ளி கிடைத்துவிட்டது. ஆனாலும் அவரது வாழ்க்கை என் மனதை விட்டுப் போகவில்லை. அதற்கான காரணத்தை இக்கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன். முதலில் அவரது கதையைக் கேளுங்கள்.

மேரி இளம்பெண்ணாக இருந்த காலத்தில், ஒரு பெண் வைத்தியம் படிக்க விரும்புவதே புதுமையாகக் கருதப்பட்டது. கனடாவிலும் நிலைமை அவ்வாறே இருந்தது. பெண்களுக்கென்று தனியான வைத்தியக் கல்லூரி ஒன்று 1883ஆம் ஆண்டில்தான் ரொறன்ரோ நகரில் திறக்கப்பட்டது. அந்த நகரிலேயே மேரி வைத்தியக் கல்வியை முடித்தார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் வைத்தியப் பணிகளை நடத்தி வந்தது. ஆண் வைத்தியரிடம் தங்கள் நோயைச் சொல்லத் தயங்கிய பெண்களுக்குப் பெண் வைத்தியர்கள் பெரிதும் தேவைப்பட்டனர். அந்தப் பணிக்கு மேரி தெரிவு செய்யப்பட்டார்.

புறப்படுவதற்கு முன்னர் அமெரிக்காவில் அவர் ஓர் இலங்கைத் தமிழரைச் சந்தித்தார். சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணம் என்னும் அவர் அங்கே உயர்கல்வி பெற்று வந்தவர். இருவரும் திருமணம் செய்துகொண்டனர். வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி இலங்கையர் ஒருவரை மணப்பதை அந்தக் காலம் ஏற்றுக்கொள்ளவில்லை. மிஷன் அவருக்கு வழங்கவிருந்த பதவியைத் தர மறுத்துவிட்டது. எந்த மக்களுக்குச் சேவை செய்ய அவரைத் தெரிவு செய்தார்களோ, அந்த மக்களில் ஒருவரை மணந்ததே அவருக்குத் தடையாகிப் போனது.

அவர் ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. 1896ஆம் ஆண்டில், 23 வயதில், கணவரோடு இலங்கைக்கு வந்தார். கொழும்பில் பெண்களுக்கென அமைந்திருந்த லேடி ஹவ்லொக் வைத்தியசாலையில் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர் சொந்தமாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டே அந்தத் தொழிலைச் செய்தார் என்பதை மாணவியராகிய நாம் கவனிக்க வேண்டும்.

வைத்தியசாலையில் ஒரு வைத்தியர் நோயாளியைச் சில நிமிடங்களே பார்க்கிறார். மிகுதி நேரம் முழுவதும் அந்த நோயாளி வீட்டில்தான் இருக்கிறார். கொதிக்க வைக்காத தண்ணீரும் கழுவாத கையும் ஈ மொய்த்த சோறும் வீட்டில் இருக்குமானால், போத்தல் மருந்தால் மட்டும் நோய் தீர்ந்துவிடாது. அதே பிள்ளை அதே வயிற்றோட்டத்துடன் அடுத்த மாதமும் வரும். மேரி அம்மையாரின் பிற்காலப் பணிகள் அனைத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், நோய் தொடங்கும் இடமாகிய வீட்டை நோக்கியே அவர் நடந்திருக்கிறார் என்பது தெளிவாகத் தெரிகிறது. பாடசாலைகளுக்கான சுகாதாரக் கைநூலையும், ஆசிரியர்களுக்கான மனையியல் கைநூலையும் அவர் எழுதினார். சங்கங்கள் பலவற்றை அமைத்தார். 1909ஆம் ஆண்டில் கொழும்பில் தமிழ் மாதர் சங்கம் உருவானபோது, அதைத் தொடக்கியவர்களுள் அவரும் ஒருவர்.

இந்தச் சிந்தனை அந்தக் காலத்து உலகம் எங்கும் பரவிக்கொண்டிருந்தது. நமது வரலாற்றில், மதீனாவில் கூடாரம் அமைத்துக் காயமுற்றோருக்குப் பணிவிடை செய்த ருபைதா அல் அஸ்லமிய்யா (ரழி) அவர்களின் பெயர் நமக்குத் தெரியும். தாதியர் பணியை முறையான ஒரு படிப்பாக்கிய பெருமை புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைச் சேரும். அவர் 1860ஆம் ஆண்டில் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலையைத் தொடங்கி வைத்தார். அதற்கு முந்திய ஆண்டில் லிவர்பூல் நகரில் ஒரு சம்பவம் நடந்தது. வில்லியம் ரத்போன் என்ற செல்வந்தர், மரணப் படுக்கையில் இருந்த தன் மனைவியைப் பார்த்துக்கொள்ள மேரி றொபின்சன் என்ற பயிற்சி பெற்ற தாதியை வீட்டுக்கு அழைத்திருந்தார். மனைவி இறந்த பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. செல்வந்தர் வீட்டிலேயே ஒரு தாதியின் கைப்பக்குவம் இவ்வளவு ஆறுதல் தருமானால், ஏழை வீட்டில் அது எவ்வளவு பெரிய உதவியாக இருக்கும்? அதே தாதியைச் சம்பளம் கொடுத்து ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். இவ்வாறு வீடு வீடாகச் செல்ல மேலும் பலர் தேவைப்பட்டபோது பயிற்சி பெற்றவர்கள் கிடைக்கவில்லை. அவர் நைட்டிங்கேல் அம்மையாரின் ஆலோசனையைக் கேட்டார். 1862ஆம் ஆண்டில் லிவர்பூலிலேயே ஒரு பயிற்சிப் பாடசாலை எழுந்தது.

கனடாவிலும் ஒரு தாயின் துயரத்திலிருந்து ஒரு கல்வி பிறந்தது. ஒன்ராறியோவைச் சேர்ந்த அடலேய்ட் ஹுட்லெஸ் என்ற பெண்மணி 1889ஆம் ஆண்டில் தன் கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். அசுத்தமான பாலே அதற்குக் காரணம் என்று சொல்லப்படுகிறது. பின்னர் அவர், வீட்டுச் சுகாதாரத்தை எல்லாப் பெண்களும் கற்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1897ஆம் ஆண்டில் ஸ்ரோனி கிரீக் என்ற ஊரில் கிராமப் பெண்களுக்கான முதல் மாதர் கழகம் தோன்றியது. மேரி பிறந்த மாகாணத்தில், அவர் இலங்கைக்கு வந்த மறு ஆண்டில் இது நடந்தது. பின்னர் இலங்கையில் அவர் எழுப்பிய இயக்கத்துக்கு இந்தக் கழகங்களே முன்மாதிரியாயின.

1930ஆம் ஆண்டில் அந்த இயக்கம் பிறந்தது. அதன் பெயர் லங்கா மகிளா சமித்தி. அப்போது அம்மையாருக்கு 57 வயது. பலரும் ஓய்வை நினைக்கும் வயதில் அவர் கிராமங்களை நோக்கிப் புறப்பட்டார். ஒவ்வொரு கிராமத்திலும் பெண்கள் ஒன்றுகூடி ஒரு சமித்தியை அமைப்பார்கள். குழந்தை வளர்ப்பு, போசாக்கான சமையல், வீட்டுச் சுத்தம், நோயாளி பராமரிப்பு, வீட்டுத் தோட்டம், தையல் முதலியவற்றை அங்கே கற்பார்கள். இதிலே முக்கியமானது கற்றுக்கொடுத்த முறைதான். கொழும்பிலிருந்து யாரோ வந்து மேடையில் பேசிவிட்டுப் போவதால் பயனில்லை. கிராமத்துப் பெண்களையே தெரிந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தால், அவர்கள் தங்கள் அயலில் உள்ள மற்றப் பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். ஒருத்தி கற்றால் பத்து வீடுகளுக்கு அது போய்ச் சேரும்.

இதே காலத்தில் அரசாங்கமும் அந்தத் திசையில் நடக்கத் தொடங்கியிருந்தது. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. பயிற்சி பெற்ற தாதியரும் மருத்துவ மாதரும் வீடுகளுக்கே சென்று கர்ப்பிணித் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்க்கும் முறை அங்கிருந்து நாடெங்கும் விரிந்தது. இன்று நமது வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்து பிள்ளையின் நிறையைக் கேட்கும் குடும்ப நல உத்தியோகத்தர் அந்த மரபில் வந்தவர்தான்.

அந்தப் பணிகள் எவ்வளவு அவசியமாக இருந்தன என்பதை ஓர் எண்ணிக்கை காட்டுகிறது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையை உலுக்கியது. நமது மாவட்டத்துக்கு அயலிலுள்ள குருநாகல் பகுதியும் கேகாலைப் பகுதியும் பெரிதும் பாதிக்கப்பட்டன. 1935ஆம் ஆண்டில் உயிருடன் பிறந்த ஒவ்வொரு 1000 குழந்தைகளிலும் 263 குழந்தைகள் ஒரு வயதாகும் முன்னரே இறந்தன. நாலு தொட்டிலில் ஒரு தொட்டில் வெறுமையானது என்று சொல்லலாம். 1953ஆம் ஆண்டில் அது 71 ஆகக் குறைந்தது. மலேரியா ஒழிப்பும் இலவச வைத்தியமும் இதற்குப் பெரும் காரணங்கள். வீட்டில் இருந்த தாய்க்குக் கிடைத்த அறிவும் ஒரு காரணம்.

பெண்ணுக்கு அறிவு மட்டும் போதாது, சொல்லுக்கு மதிப்பும் வேண்டும் என்பதையும் மேரி அம்மையார் உணர்ந்திருந்தார். 1927ஆம் ஆண்டில் இலங்கைப் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைந்தபோது அவர் முன்னணியில் நின்றார். 1931ஆம் ஆண்டில் ஆண், பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 1937ஆம் ஆண்டில் அவர் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். அச்சபைக்குத் தெரிவான முதல் பெண் அவரே. சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டி அந்த ஆசனம் பின்னர் அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. இளமையில் மிஷன் பதவி போனதைப் போலவே முதுமையில் இந்தப் பதவியும் போயிற்று. இரண்டு முறையும் அவர் தன் வேலையை நிறுத்தவில்லை. 1958ஆம் ஆண்டில், அவரது 85ஆவது வயதில், பொதுச் சேவைக்கான மக்சேசே விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1962ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

இனி, இவரது வாழ்க்கை என் மனதை விட்டுப் போகாததற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

என் உம்மம்மா பாரிசவாதத்தால் ஒரு பக்கம் இயங்காமல் மூன்று வருடங்களாகப் படுக்கையில் இருக்கிறார். அவரைப் பார்ப்பவர் என் உம்மா. என் சாச்சி வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். அங்கே அவருடைய வேலையும் ஒரு வயோதிபத் தாயைப் பராமரிப்பதுதான். பயணத்துக்கு முன்னர் பயிற்சி பெற்றுச் சான்றிதழும் எடுத்தவர் அவர். சென்ற வருடம் விடுமுறையில் வந்தபோது, உம்மம்மாவை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வராது என்று சொல்லி, முதுகின் கீழ் தலையணையை எப்படி வைப்பது என்றும் செய்து காட்டினார். கஞ்சி பருக்கும்போது நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், படுத்தபடியே கொடுத்தால் சுவாசக் குழாய்க்குள் போய்விடும் என்றார். தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடித்துத் தூக்கினால் தூக்குபவரின் நாரி தப்பும் என்றார். மருந்து கொடுத்த நேரத்தை எழுத ஒரு கொப்பியைக் கட்டிலின் தலைமாட்டில் தொங்கவிட்டார். உம்மாவின் நாரி நோவு அதற்குப் பிறகு குறைந்தது. உம்மம்மாவின் முதுகும் ஆறியது.

சாச்சி செய்ததை அன்று நான் அன்பு என்று நினைத்தேன். அன்பு உம்மாவிடமும் குறைவில்லாமல் இருந்தது. சாச்சியிடம் மேலதிகமாக இருந்தது பயிற்சி. மேரி அம்மையார் கிராமம் கிராமமாகச் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான் என்பதை ஒப்படை எழுதும்போது விளங்கிக்கொண்டேன். பராமரிப்பு பெண்ணுக்குப் பிறவியிலேயே வரும் என்று எல்லோரும் எண்ணியிருந்த காலத்தில், அதுவும் ஒரு கல்வி, அதைப் படிக்க வேண்டும், படிப்பிக்க வேண்டும் என்று ஒரு வைத்தியர் வந்து நின்றார்.

இந்தத் துறை இன்று வேகமாக மாறி வருகிறது. 1985ஆம் ஆண்டில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் ஏற்படுத்தப்பட்டது. வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான பயிற்சி காலப்போக்கில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு இணைக்கப்பட்டது. பராமரிப்பாளர் என்ற தனிப் பாடநெறியும் இப்போது உண்டு. 2019ஆம் ஆண்டில் ஜப்பானோடு செய்துகொண்ட உடன்பாட்டின் கீழ் முதியோர் பராமரிப்புக்குச் செல்ல விரும்புவோர் தொழிற் திறனோடு அந்நாட்டு மொழியிலும் பரீட்சை எழுதிச் சித்தியடைய வேண்டும். முன்பு கைகால் இருந்தால் போதும் என்று கருதப்பட்ட வேலைக்கு இன்று மொழி, உடற்கூறு, போசாக்கு, முதலுதவி, மனநலம் எல்லாம் படிக்க வேண்டியிருக்கிறது.

உள்நாட்டிலும் தேவை பெருகுகிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படியே நமது நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். அந்த விகிதம் மேலும் ஏறிக்கொண்டே போகிறது. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், சான்றிதழ் பெற்ற நமது பெண்களில் பலர் விமானம் ஏறுகிறார்கள். நமது வீட்டுக் கட்டிலில் கிடப்பவரைப் பார்ப்பவர் பெரும்பாலும் பயிற்சி பெறாதவர். என் சாச்சியும் என் உம்மாவும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். ஒருவருக்குப் பயிற்சியும் சம்பளமும் உண்டு, மற்றவருக்கு இரண்டும் இல்லை. சாச்சியின் சம்பளத்தில்தான் உம்மம்மாவின் மருந்து வாங்கப்படுகிறது என்பதையும் நான் மறக்கவில்லை.

இதற்கு ஒரு வழி உண்டு என்பதைக் கடலுக்கு அப்பால் கேரளம் காட்டுகிறது. 1993ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் வலி தணிப்புப் பராமரிப்புக்கான சங்கம் ஒன்று ஆரம்பமானது. பின்னர் மலப்புறம் முதலிய மாவட்டங்களில் அயலவர்களே குழுக்களாகச் சேர்ந்தார்கள். மாணவர், வியாபாரி, குடும்பப் பெண் எனப் பலரும் குறுகிய பயிற்சி பெற்று, தாதியருடன் சேர்ந்து, படுக்கையில் இருப்பவர்களை வீடுகளுக்கே சென்று பார்க்கிறார்கள். செலவுக்கு ஊர் மக்கள் சிறு சிறு தொகையாகக் கொடுக்கிறார்கள். 2008ஆம் ஆண்டில் அம்மாநில அரசு இதை ஒரு கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. மேரி அம்மையாரின் சமித்திகளும் இந்தக் குழுக்களும் வேறு வேறு காலத்தவை. ஆனாலும் ஊராரைப் பயிற்றி ஊராரைப் பார்க்க வைப்பது என்ற அடிப்படை ஒன்றுதான்.

நான் உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு பராமரிப்பாளர் பாடநெறி படிக்க விரும்புவதாகச் சொன்னபோது, உறவினர் ஒருவர் முகம் சுளித்தார். படித்த பிள்ளைக்கு வேலைக்காரி வேலை எதற்கு என்று கேட்டார். வாப்பா ஒன்றும் பேசவில்லை. நான் அன்றிரவு அவரிடம் மேரி அம்மையாரின் கதையைச் சொன்னேன். ஒரு வைத்தியப் பட்டதாரி, விரும்பியிருந்தால் கொழும்பில் பெரிய வைத்தியராகவே இருந்து வசதியாக வாழ்ந்திருக்கக்கூடியவர், கிராமத்துப் பெண்களோடு அமர்ந்து கஞ்சி காய்ச்சுவதையும் நோயாளியைக் கழுவுவதையும் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார் என்றேன். வாப்பா நெடுநேரம் யோசித்துவிட்டு, முதலில் பரீட்சையில் நன்றாகச் செய், பிறகு விண்ணப்பப் படிவத்தைக் கொண்டு வா, பார்ப்போம் என்றார். அது சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பெற்றோர்களே, உங்கள் மகள் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வர வேண்டும் என்று ஆசைப்படுங்கள். அத்தோடு, பராமரிப்புத் துறையை அவள் தெரிவு செய்தால் அதைத் தாழ்வாக எண்ணாதீர்கள். பயிற்சியும் சான்றிதழும் பெற்றவளுக்குச் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் பேசும் துணிவு வரும். பயிற்சி இல்லாதவளை யாரும் எப்படியும் நடத்தலாம்.

சகோதரிகளே, தொழிலாகச் செய்யாவிட்டாலும் இதைக் கற்றுக்கொள்வோம். நமது மனைப்பொருளியல் அறையில் ஒரு கட்டிலும் இரண்டு தலையணையும் இருந்தால் போதும். குடும்ப நல உத்தியோகத்தரையோ தாதி ஒருவரையோ அழைத்து, விடுமுறை நாட்களில் நாலு வகுப்பு நடத்தலாம். நாம் மட்டும் அல்லாமல் நமது உம்மாமாரும் வந்து உட்காரட்டும். இந்த யோசனையை எங்கள் ஆசிரியையிடம் எழுத்தில் கொடுத்துள்ளேன். பெயர் பதிவதற்கு ஒரு தாளும் வைத்திருக்கிறேன். அதில் முதலாவது பெயர் என்னுடையது. இரண்டாவது என் உம்மாவுடையது.